இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான நியூகாசில் யுனைடெட்டைச் சவுதி வாங்கிய பிறகும் அதன் ரசிகராக இருப்பது தவறா?

கிளப்பை நேசிப்பதில் தவறே இல்லை. முதலாளிக்காக வாதாடத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

2021 அக்டோபர் 7 அன்று சவுதி அரசின் பொது முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு கிளப்பை வாங்கியது. நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். அன்று கிளப்பின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் ஒரே கொண்டாட்டம். சிலர் தலையில் துண்டைக் கட்டி அரபு வேடம் போட்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. முந்தைய உரிமையாளர் மைக் ஆஷ்லியிடம் 14 வருடம் நொந்துபோனவர்கள் அவர்கள். அதுவரை கடைசியாக உள்நாட்டுக் கோப்பை கிடைத்தது 1955இல். ஆனால் பத்திரிகையாளர் ஜமால் கஷோகியை 2018இல் கொன்றது அதே சவுதி அரசின் ஆட்கள்தான்.

2022 மார்ச் 12 அன்று சவுதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். மறுநாள் செல்சியோடு ஆட்டம். அதன்பின் நிருபர்கள் கேட்டபோது, பயிற்சியாளர் எடி ஹோவ் கால்பந்தைப் பற்றி மட்டுமே பேசுவேன் என்றார். சம்பளம் வாங்குபவரின் சங்கடம் அது.

ரசிகருக்கு அந்தக் கட்டாயம் இல்லையே! கிளப்பை விற்கும்போது அவரை யாரும் கேட்கவில்லை. சரி, அப்பாவின் கையைப் பிடித்துப் போன மைதானத்தை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வாய் அவருடையது. சவுதி உரிமையை எதிர்த்துக் குரல் கொடுக்கும் நியூகாசில் ரசிகர்கள் இருக்கிறார்கள். சக ரசிகர்களே திட்டினாலும் நிறுத்தவில்லை. 2025இல் லிவர்பூலை வென்று லீக் கோப்பையைத் தூக்கியபோது கொண்டாடும் உரிமை அவர்களுக்கும் இருந்தது.