எல்லா மரமும் ஒரே மரம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நீங்கள் அவ்வப்போது ஓவியம் பற்றி எழுதுவதால் இந்தக் கடிதம். எனக்கு 47 வயது. பெங்களூரில் வங்கி வேலை, வீடு ராமமூர்த்தி நகரில். ஊரடங்கின்போது மகளின் பழைய வாட்டர் கலர் டப்பாவை எடுத்து விளையாட்டாக ஆரம்பித்தேன். இன்றுவரை விடவில்லை. யூடியூப் பார்த்து ஞாயிறுதோறும் ஒரு படமாவது போட்டுவிடுவேன். இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. முதல் வருடம் மளமளவென்று முன்னேற்றம். அப்புறம் அங்கேயே நிற்கிறேன். போன வாரம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்திருந்தேன். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, எல்லா மரமும் ஒரே மரம் மாதிரி இருக்கு" என்றாள். சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

வகுப்பில் சேரலாமா? விலை உயர்ந்த வண்ணம் வாங்கினால் சரியாகுமா? இந்த வயதுக்கு மேல் கை திருந்துமா? பத்துப் படங்களை இணைத்திருக்கிறேன். எட்டாவது மட்டும் கப்பன் பூங்காவில் நேரில் உட்கார்ந்து வரைந்தது. மழை வந்துவிட்டதால் பாதியில் நிற்கிறது, மன்னிக்கவும்.

எஸ். (பெயரை வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒன்று. நான் ஓவியன் அல்ல. அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து பல வருடமாகக் காகிதத்தைப் பாழாக்கி வருபவன். சக நோயாளி சொல்லும் கைமருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கை தேறிவிட்டது. மூன்றாவது படத்தில் ஈரக் காகிதத்தின் மேல் வானத்தைப் பரப்பியிருக்கிறீர்களே, அது ஆரம்பக்காரர் கை அல்ல. ஆனால் கண் இன்னும் அந்த யூடியூப்காரருடையதாகவே இருக்கிறது. உலர்ந்த பிரஷ்ஷைப் பக்கவாட்டில் ஒற்றி ஒற்றி இலைக்கொத்து போடுவது எங்கோ, எந்த மரத்துக்கோ அவர் கண்டுபிடித்த குறுக்குவழி. அதை நீங்கள் தூங்குமூஞ்சி மரத்துக்கும் போடுகிறீர்கள், யூகலிப்டஸுக்கும் போடுகிறீர்கள். குடைபோல் அகலமாகக் கவிழ்ந்து நிற்பதும், விளக்குமாறு மாதிரி நெட்டையாக நிற்பதும் ஒரே ஒற்றலில் வந்தால் எப்படி? உங்கள் மகள் பார்த்ததும் அதைத்தான்.

ஐந்தாவது படத்துக்கு வருகிறேன். பூத்த குல்மோஹர். ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் படத்தை போனில் எடுத்து, எடிட்டில் போய்க் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நான் செய்து பார்த்தேன். பூவே இல்லை! மரம் முழுக்க ஒரே சாம்பல் போர்வை. சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரும் புதிருமாக இருக்கலாம். நீங்கள் பூசிய சிவப்பும் நீங்கள் பூசிய பச்சையும் அடர்த்தியில் இரட்டைப் பிள்ளைகள். கண் தூரத்திலிருந்து பிடிப்பது எது வெளிச்சம், எது இருட்டு என்பதைத்தான். அது சரியாக இருந்தால் மரத்துக்கு நீல நிறம் அடித்தாலும் மரமாகத்தான் தெரியும். அது தப்பினால் எத்தனை டியூப் பிதுக்கினாலும் பயனில்லை.

அடுத்த மே மாதம் காலை எட்டு மணிக்கு ஒரு குல்மோஹருக்கு எதிரே நின்று கண்ணை நன்றாக இடுக்கிப் பாருங்கள். விவரமெல்லாம் கலைந்து மூன்று திட்டுகள்தான் மிஞ்சும். வெயில் படும் உச்சிப் பூக்கள் சிவப்பாகவே இருக்காது, வெளுத்த ஆரஞ்சாக இருக்கும். அதே பூ நிழல் பக்கத்தில் மாதுளைத் தோல் மாதிரி கறுத்துக் கிடக்கும். கிளைக்கு உள்ளே, இலைகளுக்கு இடையில், கிட்டத்தட்ட கறுப்பு. வாட்டர் கலரில் வெளிச்சம் என்பது நாம் தொடாமல் விட்ட காகிதம். உச்சிக்கு ஏறக்குறைய வெறும் காகிதத்தை விட்டுவிட்டு, உள்ளே அந்தக் கறுப்பைத் துணிந்து வைத்தால் பூ தானாக வெளியே வரும். நீங்கள் இரண்டு கோடியையும் விட்டுவிட்டு நடுவிலேயே குடித்தனம் நடத்துகிறீர்கள்.

துணிச்சல் ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் வியாதி. ஒருமுறை விலை கூடிய கோபால்ட் நீலம் ஒரு டியூப் வாங்கினேன். கொடுத்த காசு மனசிலேயே நின்றதால் அதை ஊறுகாய் மாதிரி தொட்டுத் தொட்டு உபயோகித்தேன். ஒரு வருடம் வரைந்த படங்கள் அத்தனையும் சோகை பிடித்தவை. போதாததற்கு வாட்டர் கலர் காய்ந்தால் ஒரு படி வெளுத்துவிடும். ஈரத்தில் கொஞ்சம் அதிகமோ என்று பயமுறுத்தும் அடர்த்திதான் காய்ந்தபிறகு சரியாக நிற்கும். உங்கள் தட்டில் வண்ணம் கடுகளவு இருக்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தாராளமாகப் பிதுக்குங்கள்.

ஆகவே, விலை உயர்ந்த வண்ணம் இப்போது வேண்டாம். காசைக் காகிதத்தில் போடுங்கள். முழுப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, அதாவது கெட்டித் தாள்). சாதாரண காகிதத்தில் இரண்டாவது பூச்சு போடும்போது முதல் பூச்சு கிளம்பி வந்து சேறாகிவிடும். நாம் நம் கையைத் திட்டிக்கொண்டிருப்போம். நல்ல தாள் விலைதான். ஆனால் 22க்கு 30 அங்குல முழுத் தாளை நான்குக்கு நான்காகக் கிழித்தால் பதினாறு துண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு போஸ்ட் கார்டு அளவு.

இனி இரண்டு மாதத்துக்கு இந்தத் துண்டுகள் மட்டும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, இந்த இரண்டு டியூப் போதும். இரண்டும் சேர்ந்தால் வெளிறிய சாம்பலிலிருந்து கறுப்புக்குப் பக்கம் வரை போகும். பச்சையே கிடையாது. ஒரே மரம், பதினாறு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். உங்கள் தெருவில் இருக்கிற ஏதாவது மரம் போதும். லால்பாக்கில் 240 ஏக்கர் இருக்கிறது என்று அங்கே ஓடினால் எந்த மரத்தை வரைவது என்று சுற்றிவிட்டு நிலக்கடலை தின்று திரும்பி வருவோம். நான் வந்திருக்கிறேன். பத்து நிமிடம் ஆனதும் பிரஷ்ஷை வைத்துவிட வேண்டும். முடிக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது. "சூப்பர்" என்று நாலு பேர் சொன்னால் அடுத்த வாரமும் அதையே வரைவீர்கள்.

ஏழெட்டுத் துண்டில் சலித்துப்போகும். அப்படிச் சலித்தபிறகுதான் எனக்கு என் மரத்தில் கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகள் கண்ணில் பட்டன. அதுவரை நான் இலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு விஷயம். கூட உட்கார்ந்து பிழையைக் காட்ட ஒருவர் இருந்தால் நல்லதுதான். ஆனால் சேருவதற்கு முன் அங்கே பழைய மாணவர்களின் படங்களைப் பாருங்கள். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நான் சேர்ந்த ஓர் இடத்தில் பன்னிரண்டு பேரும் மூன்று மாதக் கடைசியில் ஒரே அருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

வகுப்புக்குப் பதிலாக, குமார கிருபா சாலையில் இருக்கும் சித்ரகலா பரிஷத் ஓவியக் கூடத்துக்கு ஒரு நாள் போங்கள். ரஷ்ய ஓவியர்களான ரோரிக் தந்தை, மகன் இருவரின் ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. தந்தை நிக்கோலஸ் வரைந்த இமயமலைகளின் முன்னால் பென்சிலோடு நில்லுங்கள். ஒரு மலைக்குப் பின் ஒரு மலை, பட்டை பட்டையாக. பாறை பாறையாக எண்ணி வரையவில்லை மனிதர். ஒவ்வொரு பட்டையும் முந்தியதைவிட எவ்வளவு வெளிறுகிறது என்பதை மட்டும் நோட்டில் சின்னக் கட்டம் போட்டு நிழல் தீட்டிப் பாருங்கள். தூரம் என்பதை அந்த வித்தியாசத்தை வைத்தே காட்டிவிடுகிறார். ஜனவரியில் சித்ர சந்தை என்ற தெருவோர ஓவியச் சந்தையன்று அதே சாலையில் கூட்டத்துக்கு நடுவே பல படங்களை எட்டி நின்றுதான் பார்க்க முடியும். அதுவும் நல்லதற்கே. அவ்வளவு தூரத்திலும் எது உங்களை இழுக்கிறதோ, அதையும் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரூமாலே சென்னபசவையா என்று இந்த ஊர்க்காரர் ஒருவர், 1910இல் பிறந்து 1988இல் மறைந்தவர். விடுதலைப் போராட்டம், அரசியல் என்று எத்தனையோ வேலைகளுக்கு நடுவே பெங்களூரின் பூமரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஓர் ஊரின் மரத்தை ஓர் ஊர்க்காரர் பார்த்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அவரைப் பாருங்கள். நாற்பத்தேழெல்லாம் ஒரு வயதா, விடுங்கள்.

கடைசியாக, நீங்கள் மன்னிப்புக் கேட்ட அந்த எட்டாவது படம். மரம் வழக்கமான உங்கள் மரம்தான், அதைத் தள்ளுங்கள். அதன் அடியில் இடது ஓரமாக ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. மழைக்குப் பயந்து அவசரத்தில் போட்டிருக்க வேண்டும். சீட்டின் மேல் விழுந்த வெளிச்சத்துக்கு வெறும் காகிதம், கீழே நிழலுக்கு ஒரே ஒரு கறுத்த தீற்றல், சக்கரம் பாதிதான். கண்ணாடியைக் காணவே காணோம். ஆனால் அது தரையில் நிற்கிறது, ஸ்டாண்ட் போட்டுக் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. பத்துப் படத்திலும் நீங்கள் நேராகப் பார்த்து வரைந்தது அந்த ஸ்கூட்டர் ஒன்றுதான்.

அதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அப்படியே அந்தப் பதினாறு துண்டுகளையும் அனுப்புங்கள், கெட்டுப்போனதை எடுத்து வைக்காமல்.