வாசகர் கேள்வி – பதில்: இளமை நினைவுகளில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியனான நான், பேரப்பிள்ளைகளுக்காக என் இளமைக்கால நினைவுகளை எழுதி வருகிறேன். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தபோது எனக்கு ஏழு வயது. பெரியவர்கள் பேசியதைக் கேட்டு, வீடு இடம்மாறப் போகிறது என்று எண்ணி, “பாட்டா, நம்ம கிணறும் கூட வருமா?” என்று கேட்டேன். “கிணறு வரும் மக்களே, வாளிதான் சந்தேகம்” என்றார் பாட்டா. இதைச் சொன்னால் வீடே சிரிக்கிறது. எழுதிக் காட்டினால் யாரும் சிரிப்பதில்லை. ஏன்?
— வாசகர், தக்கலை

பதில்: நீங்கள் இணைத்திருந்த பக்கத்தின் முதல் வாக்கியம் இது: “அறியாப் பருவத்தில், மாநில எல்லை மாறுவதன் பொருள் விளங்காமல், வேடிக்கையான காரியம் ஒன்றைச் செய்தேன்.” சிரிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. வாசகர் தாமே கண்டுபிடித்து மகிழ வேண்டியதை, அவர் கதைக்குள் நுழைவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இளமை நினைவு நூல்களில் எப்போதும் இருவர் பேசுகிறார்கள்: ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன், எல்லாம் அறிந்து அதை எழுதுகிற முதியவர் ஒருவர். இருவருக்கும் இடையே உள்ள தொலைவுதான் நகைச்சுவை பிறக்கும் இடம். முதியவர் அடிக்கடி குறுக்கிட்டு ‘எவ்வளவு பேதையாக இருந்தேன்’ என்று விளக்கினால், அந்தத் தொலைவு மறைந்துபோகிறது. ஆகவே சிறுவனின் தர்க்கத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அதை ஒரு வழக்கறிஞரின் ஒழுங்கோடு எழுதுங்கள். ஊர் தமிழகத்துக்குப் போகிறது, ஊர் போனால் வீடும் போகும், வீடு போனால் கிணறு வேண்டும், கிணறு வரும் என்று பாட்டாவே உறுதி கொடுத்துவிட்டார், எஞ்சியிருப்பது வாளி. இந்த அடுக்கில் ஓரிடத்திலும் பிழை இல்லை, தொடக்கத்தில் மட்டுமே பிழை இருக்கிறது என்பதை வாசகர் உணரும்போது வருகிற சிரிப்பு, அந்தச் சிறுவன்மீது அன்பையும் கூடவே கொண்டுவரும்.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல், நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இவற்றுள் மடனை, கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று உரைகாரர் விளக்குவர். அதாவது, பிறர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருத்தல். உங்கள் நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் அறியேன். நீங்கள் அனுப்பிய பக்கத்தின் நான்காம் பத்தியில், அன்றிரவு வாளியைக் கட்டிலுக்கடியில் வைத்து, அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு படுத்ததாக ஒரு குறிப்பு போகிறபோக்கில் வருகிறது. பாட்டாவின் சொல்லைக் கொண்ட சிறுவன், கொண்டதை விடாமல் பிடித்திருக்கும் இடம் அதுதான். அதுவே முடிவாக நிற்க வேண்டும். அதன்பின் ஒரு சொல்லும் வேண்டாம்.

வாயால் சொல்லும்போது உங்கள் முகமும், பாட்டாவின் விடைக்கு முன்னால் நீங்கள் விடும் இடைவெளியும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. எழுத்தில் அந்த இடைவெளியை வாக்கிய அமைப்புதான் தர வேண்டும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது நமக்கு வாய்த்த பெரிய வசதி: கயிறு, வாளி, கட்டைவிரல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், ‘படுத்தேன்’ என்று முடிக்கும்வரை வாசகரைக் காக்க வைக்கலாம். நீண்ட வாக்கியம் ஒன்றுக்குப் பின், பாட்டாவின் விடையைத் தனி வரியாக நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: உரையாடல்களை நம் வட்டாரப் பேச்சில் எழுதினால் வெளியூர் வாசகர்களுக்குப் புரியுமா?
— வாசகி, குளச்சல்

பதில்: புரியும். தேங்காய்ப்பட்டணத்து மக்களின் பேச்சைத் தம் நாவல்களில் தயக்கமின்றிக் கையாண்ட தோப்பில் முஹம்மது மீரானைத் தமிழகம் முழுவதும் வாசித்தது. 1997இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அக்கானி, மரச்சீனி, விளை போன்ற சொற்களுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுத வேண்டியதில்லை. அக்கானியைச் சிறுமி குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள் என்றால் அது குடிக்கும் பொருள் என்பது தெரிந்துவிடும். ஆனால் விளவங்கோட்டுப் பேச்சும் நாஞ்சில் நாட்டுப் பேச்சும் கடற்கரைப் பேச்சும் ஒன்றல்ல. அவற்றைக் கலந்துவிட்டால் உள்ளூர்க்காரர் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழப்பார்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் குடும்பத்தார் நல்ல தமிழிலும், வீட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் மட்டும் கொச்சையிலும் பேசுவதாக எழுதாதீர்கள். எல்லோரும் அவரவர் பேச்சைப் பேசட்டும். அவ்வாறு இல்லாவிட்டால், அங்கே வருகிற சிரிப்பு வெறும் ஏளனமாகிவிடும்.

கேள்வி: என் அத்தையின் கஞ்சத்தனத்தை வைத்துப் பல வேடிக்கைகள் எழுதியிருக்கிறேன். அவர் இப்போதும் இருக்கிறார். வெளியிடலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அதற்கு முன், அந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரை அடுத்த தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியத்தில் மருமக்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு, சொத்துச் சேரும் வழக்கத்தை வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதினார். அந்த வழக்கத்தால் துன்புற்ற பெண்ணே அங்கே பேசுகிறாள். எனவே நம் சிரிப்பு அவள்மீது விழாமல் வழக்கத்தின்மீது விழுகிறது. தலத்தின் பெருமை பேசும் நூலுக்குரிய மான்மியம் என்னும் பெயரை ஒரு கொடுமைக்குச் சூட்டியதும் அந்த நகையின் ஒரு பகுதியே. உங்கள் அத்தை சில்லறையை முந்தானையில் முடிந்து வைத்தது எந்த வறுமையின் பழக்கம் என்பதைச் சிறுவன் அறியாமலும் வாசகர் அறியும்படியும் எழுத முடியுமானால், அந்த அத்தியாயம் அவருக்கே பிடித்துப்போகக்கூடும். அப்போதும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நினைவுகளை மிகைப்படுத்தலாமா?
— வாசகர், குலசேகரம்

பதில்: அளவை மிகைப்படுத்தலாம், நிகழ்ச்சியைப் புனையக் கூடாது. ரப்பர் தோட்டத்தின் வேலி ஐந்து வயதுப் பிள்ளைக்கு வானளாவ உயர்ந்திருந்தது என்பது அந்தக் கண்ணுக்கு உண்மையே. ஆனால் ஏறாத வேலியை ஏறியதாக எழுதினால், உடன் விளையாடியவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள்.