இயங்கலையில் உரைபெயர்ப்பு கற்பிக்க ஆசிரியர்களை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலாய்-தமிழ் மொழிபெயர்ப்பை, முக்கியமாக உரைபெயர்ப்பை (பேச்சை வாய்மொழியாக மாற்றிச் சொல்வதை), இயங்கலையில் கற்றுத்தர நால்வர் முன்வந்திருக்கிறார்கள். மொழி தெரிந்தவர்கள், ஆனால் கற்பித்துப் பழக்கமில்லை. அவர்களுக்கு எதிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம்?

பதில்: ஐயா, ஸூம் செயலியின் பொத்தான்களை அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம். மாணவர் மாற்றிச் சொன்னதைக் கேட்டு, அது எங்கே, எதனால் பிசகியது என்று எடுத்துச் சொல்லும் திறமைக்குத்தான் வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

ஒரு சாட்சி "டியா புக்குல் சாயா" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் உடனே "அவன் என்னை அடித்தான்" என்கிறார். மலாயில் 'டியா' ஆணா பெண்ணா என்று காட்டாது. தமிழிலோ வினைமுற்றின் விகுதியே அதைச் சொல்லிவிடும். அடித்தது மாமியாராகவும் இருக்கலாம். "தவறு" என்று மட்டும் சொல்லும் ஆசிரியரிடம் மாணவர் எதையும் கற்பதில்லை, "ஆண் என்று எங்கே கேட்டீர்கள்?" என்று கேட்பவரே, ஊகிக்காமல் நீதிமன்றத்தின் அனுமதியோடு தெளிவு பெற வேண்டும் என்ற பாடத்துக்கு அவரைக் கொண்டுவருகிறார். தமிழிலிருந்து மலாய்க்குப் போகும்போது சிக்கல் வேறு: "அன்றைக்கு ராத்திரி நான் கடைப் பக்கம் போகவே இல்லை" என்பதில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது, அவசரப்பட்டு வாய் திறந்தவர் போனதாகவே சொல்லிவிடுவார்.

ஆகவே, இரண்டு நிமிட மாணவர் பதிவு ஒன்றை நால்வருக்கும் அனுப்பி, தனித்தனியே கருத்து எழுதச் சொல்லுங்கள். கருத்துகள் மாறுபடும் இடங்களே உங்கள் அடுத்த வகுப்புக்குப் பொருள். பிறகு ஒவ்வொருவரும் மற்ற மூவரை மாணவராக வைத்துப் பத்து நிமிடம் பாடம் நடத்தி, அந்தப் பதிவைத் தாமே பார்க்கட்டும்.

செம்பனைக் காட்டுக்குள் இணைய இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், எல்லாவற்றையும் நேரலையில் செய்ய வேண்டாம். மாற்றிச் சொல்ல வேண்டிய பேச்சைப் பதிவு செய்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புங்கள். மாணவர் ஒரே முறை கேட்டு, குறிப்பெடுத்து, தம் குரலைப் பதிவு செய்து அனுப்பட்டும். நேரலை வகுப்பு கலந்துரையாடலுக்கு மட்டும் இருக்கட்டும். குறிப்புத்தாளைப் படமெடுத்து அனுப்பவும் சொல்லுங்கள், ஏனென்றால் இயங்கலையில் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பிவிடுவது அதுதான். சொல்லை எழுதாமல் கருத்தை எழுத வேண்டும் என்று உரைபெயர்ப்பாளர் ரோசான் 1956-இல் தம் குறிப்பெடுப்பு நூலில் வகுத்த விதி பின்பற்றப்பட்டதா என்பது அந்தத் தாளில்தான் தெரியும். பேசப்பேச உடனுக்குடன் மாற்றும் முறையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கைதேர்ந்தவர்களே 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டுதான் அதைச் செய்கிறார்கள்.

எழுத்து மொழிபெயர்ப்புக்குக் கூகல் ஆவணம் போதும். ஆசிரியர் திருத்தி எழுதாமல் ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதட்டும்.

பயிற்சிக்கு உண்மையான வழக்குகளின் விவரங்களைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். சம்பவங்களை நீங்களே புனைந்து, பால்வெட்டு (ரப்பர் மரம் சீவுதல்), கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்) என்று தோட்டத்தில் பேசுகிற தமிழிலேயே பதிவு செய்யுங்கள். சாட்சிக் கூண்டில் ஏறுபவர் அந்தத் தமிழில்தான் பேசப்போகிறார்.