ஆட்டம் இருக்கட்டும், முதலில் வக்கீலைப் பாருங்கள்

வணக்கம் அம்மா. உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். தம்பி, அதாவது உங்கள் மகன், அமெரிக்கக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பில் டென்னிஸ் ஆடுகிறான், மூன்றாம் வருடம், எஃப்-1 என்ற மாணவர் விசா. போன சனிக்கிழமை இரவு ஒரு பார்ட்டியில் கைகலப்பு, போலீஸ் கூட்டிப்போய் விடியற்காலையில் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், அன்று மாலையே கோச் சஸ்பெண்ட் செய்துவிட்டார். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் நீங்கள் கேட்டிருப்பது, அடுத்த மாதப் போட்டிக்குள் அவனை மறுபடி அணியில் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான்.

அந்தக் கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பட்டமும் விசாவும் நிலைத்தால் மற்றதை மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம். அணிக்குள் அவசரமாகத் திரும்ப வேண்டும் என்ற பதற்றத்தில் பிள்ளைகள் பேசக்கூடாத இடத்தில் பேசிவிடுகிறார்கள், ஒத்துக்கொள்ளக்கூடாத வார்த்தையில் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் சேதம் அந்த அவசரத்தில் வந்ததுதான், சம்பவத்தால் வந்தது குறைவு.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். நடந்தது ஒரே சம்பவம், ஆனால் அதை நான்கு இடங்களில் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கோர்ட் ஒன்று. கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இன்னொன்று. கோச்சும் விளையாட்டுத் துறையும் மூன்றாவது. விசா நான்காவது. ஒரு இடத்தில் தப்பித்தால் இன்னொரு இடத்தில் தப்பித்ததாக அர்த்தம் இல்லை. கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், ஆனால் பெரும்பாலான கல்லூரிக் குழுக்களில் ‘நடந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்குத் தெரிந்தாலே போதும், தண்டனை கொடுத்துவிடலாம். கோச்சுக்கு அதுகூட வேண்டாம், அணி விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் உட்கார வைத்துவிடுவார். 2023இல் அயோவா மாநிலத்தில் கல்லூரி வீரர்கள் பலர் மீது சூதாட்டம் தொடர்பாக வழக்குப் போட்டார்கள். அதில் சிலர் மீதான வழக்கை 2024 மார்ச்சில் அரசுத் தரப்பே கைவிட்டது, புலனாய்வாளர்கள் வாரண்ட் இல்லாமல் தகவல் எடுத்தார்கள் என்ற பிரச்சினை கிளம்பியதால். வழக்கு போய்விட்டது, ஆனால் அவர்களுக்கு 2023 சீசன் போனது போனதுதான்.

அதனால் இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். அந்த ஊரிலேயே இருக்கும் கிரிமினல் வக்கீல் ஒருவர் வேண்டும், அவரோடு சேர்ந்து பேச குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலும் வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்த்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். காரணம் சொல்கிறேன். சின்ன கைகலப்பு வழக்குகளில் முதல் முறை மாட்டியவருக்கு அரசு வக்கீல் ஒரு நல்ல பேச்சு பேசுவார்: குற்றத்தை ஒப்புக்கொள், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காக இரு, சமூக சேவை செய், அப்புறம் வழக்கையே தள்ளுபடி செய்துவிடுகிறோம் என்று. அமெரிக்கக் குடிமகனாக இருக்கும் பையனுக்கு அது பெரும்பாலும் நல்ல வழி. விசாவில் இருப்பவனுக்கு அது கண்ணியாகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை நீதிபதி விதித்துவிட்டால், பின்னால் வழக்கு தள்ளுபடியானாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனை பெற்றதாகவே எடுத்துக்கொள்ளும். ஒப்புதல் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும் திட்டங்களும் சில இடங்களில் உண்டு, எது என்று பார்த்துச் சொல்லத்தான் அந்த இரண்டாவது வக்கீல். நாடு கடத்தப்படும் ஆபத்து இருந்தால் அதைக் கட்சிக்காரரிடம் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் ‘படில்லா எதிர் கென்டக்கி’ என்ற வழக்கில் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். ‘என் மகன் எஃப்-1 விசாவில் இருக்கிறான், இந்த ஒப்பந்தம் அதை என்ன செய்யும்’ என்று எழுத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று, செமஸ்டர் லீவுக்கு அவனை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். பார்க்க வேண்டும் என்று உங்கள் மனசு அடித்துக்கொள்ளும், எனக்குப் புரிகிறது. ஆனால் கைதுத் தகவல் போனால் விசாவையே ரத்து செய்யலாம். விசா ரத்தானதாலேயே உள்ளே படித்துக்கொண்டிருப்பவன் உடனே வெளியேற வேண்டியதாகிவிடாது, ஆனால் ஒருமுறை வெளியே வந்தால் புது விசா வாங்கித்தான் உள்ளே போக முடியும், அந்த விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானது உண்டா என்ற கேள்வி இருக்கிறது. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை, அதாவது அவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவுகளை, திடீரென்று முடக்கினார்கள். போலீஸ் தகவல் தளத்தில் பெயர் இருந்தது என்பதுதான் பலருக்கும் காரணம், வழக்கு தள்ளுபடியானவர்கள்கூட அதில் இருந்தார்கள். கோர்ட்டுக்குப் போன பிறகுதான் பதிவுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அவன் வர வேண்டாம், வக்கீல் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டு விஷயங்கள். கோச்சிடம் நானே பேசட்டுமா என்கிறீர்கள். வேண்டாம். பதினெட்டு தாண்டிய மாணவனின் பதிவுகளைப் பற்றி, அவன் எழுத்தில் சம்மதம் தராமல், பெற்றோரிடம் பேச கல்லூரிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அதைவிட முக்கியமானது, கோச்சிடம் சொல்வது ரகசியம் கிடையாது. அவர் நல்லவராகவே இருக்கலாம், உங்கள் பையனைத் தன் பிள்ளை மாதிரி பார்த்திருக்கலாம், ஆனால் நாளைக்குச் சம்மன் வந்தால் கேட்டதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தம்பி கோச்சிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘கோச், உங்கள் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. வக்கீல் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பேச முடிகிறபோது முதலில் உங்களிடம்தான் வருவேன்.’ எந்தக் கோச்சும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மனசுவிட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் போகட்டும், அங்கே சொல்வதற்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

அடிபட்ட பையனின் வீட்டாரிடம் பேசி மன்னிப்புக் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசோடு கேட்கிறீர்கள். நம் ஊர்வழக்கத்தில் பெரியவர்கள் போய் நின்று பேசினால் பாதி கோபம் இறங்கிவிடும். அங்கே அது சாட்சியை மிரட்டியதாகவோ வளைக்கப் பார்த்ததாகவோ ஆகிவிடலாம், கோர்ட்டோ கல்லூரியோ தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தால் இன்னும் மோசம். அதற்காக அந்தப் பையனை மறந்துவிடச் சொல்லவில்லை. அவனுக்குத் தாடையில் தையல் போட்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவனுக்கும் ஒரு அம்மா தூங்காமல் இருப்பார். தம்பி அடித்தது உண்மையென்றால் மன்னிப்பும் மருத்துவச் செலவும் கொடுத்தே ஆக வேண்டியவை, ஆனால் அது வக்கீல் வழியாக, அவர் சொல்லும் நேரத்தில் நடக்கட்டும்.

அணி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறீர்கள். கல்லூரி டென்னிஸில் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். திறமை வரிசைப்படிதான் ஆட்களை நிறுத்த வேண்டும். தம்பி மூன்றாம் இடத்தில் ஆடியவன். அவன் வெளியே போனால் நான்காவது ஆள் மூன்றுக்கு வருகிறான், ஐந்து நாலுக்கு, ஆறு ஐந்துக்கு, இதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதல் வருடப் பையன் ஆறுக்கு. அதாவது ஒரு ஆள் போனால் நான்கு பேர் தங்களைவிட வலுவான எதிராளியோடு மோதுகிறார்கள். இரட்டையர் ஜோடியும் உடைந்தது. இரண்டு வருடமாக அவனோடு ஜோடி சேர்ந்து ஆடியவன் இப்போது யாரோடு ஆடுவது என்று தெரியாமல் நிற்கிறான், அதே பையன்தான் சனிக்கிழமை இரவு பக்கத்தில் நின்றவன், போலீஸ் நாளைக்கு அவனைத்தான் கூப்பிடும். ‘எல்லோரும் அவன் பக்கம் நிற்பார்கள், அணி என்றால் அப்படித்தானே’ என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த எதிர்பார்ப்பை அந்தப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள். அவர்கள் பார்த்ததை அவர்கள் சொல்லட்டும். அவர்களில் ஒருவன் நட்புக்காகப் பொய் சொல்லி மாட்டினால் அவன் வாழ்க்கையும் சேர்ந்து போகும்.

அணி மொத்தமும் எப்படி அடிபடும் என்பதற்கு டியூக் பல்கலைக்கழகம்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் உதாரணம். 2006 மார்ச்சில் அதன் லக்ரோஸ் (வலைக்கோலால் பந்தாடும் விளையாட்டு) அணி வீரர்கள் நடத்திய பார்ட்டி ஒன்றில் பாலியல் வன்கொடுமை நடந்ததாகப் புகார். அணியில் 46 பேர் டிஎன்ஏ மாதிரி கொடுத்தார்கள். ஏப்ரலில் மீதி சீசன் ரத்து, கோச் பதவி விலகினார், மே மாதத்துக்குள் மூன்று பேர் மீது குற்றச்சாட்டுப் பதிவானது. ஒரு வருடம் கழித்து, 2007 ஏப்ரலில், மாநில அட்டர்னி ஜெனரலே அந்த மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்தார், வழக்கு நடத்திய அரசு வக்கீல் தன் தொழில் உரிமத்தையே இழந்தார். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அந்த அணி வீரர்கள் 33 பேருக்கு ஒரு வருடம் கூடுதலாக ஆட அனுமதி கொடுத்தது. ஆனால் பார்ட்டி முடிந்த இரவில் ஒரு வீரன் நண்பர்களுக்கு அனுப்பிய அருவருப்பான மின்னஞ்சல் ஒன்று வெளியே வந்து, குற்றமே நடக்காத வழக்கில் மொத்த அணியையும் குற்றவாளிகளைப் போல் காட்டியது. விளையாட்டாக எழுதியது என்று யார் நம்புவார்கள்.

இதனால்தான் வாட்ஸ்ஆப் குழுவைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு நீச்சல் வீரன், சஸ்பெண்ட் ஆன இரவு மூன்று மணிக்கு அணிக் குழுவில் உருக்கமாக ஒரு மன்னிப்பு எழுதினான். எழுதியது பத்துப் பன்னிரண்டு வரி, பாதிக்கு மேல் அவன் செய்யாததையும் தன் தலையில் போட்டுக்கொண்ட வரிகள், எல்லோரும் தன்னை வெறுக்கக்கூடாது என்ற பயம். அடுத்த மாதம் கல்லூரிக் குழு முன்னால் அதே பன்னிரண்டு வரி அச்செடுத்து மேசையில் இருந்தது. தம்பி குழுவில் எதுவும் எழுத வேண்டாம். அதே நேரம் பழைய செய்திகளை ஒன்றுகூட அழிக்கவும் வேண்டாம், அழித்தால் அது தனிக் குற்றமாகிவிடலாம்.

ஸ்காலர்ஷிப் போய்விடுமா என்ற பயம் நியாயமானது, ஆனால் கோச் ஒருவரே நினைத்தால் நடு வருடத்தில் வெட்டிவிட முடியாது. என்சிஏஏ விதிப்படி ஒழுங்கீனத்துக்காக நடுவில் நிறுத்துவதென்றால், எல்லா மாணவர்களையும் விசாரிக்கும் அதே ஒழுங்குக் குழு அது கடுமையான குற்றம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். உதவித்தொகையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ எழுத்தில் தெரிவித்து, மேல்முறையீட்டுக்கு வாய்ப்பும் தர வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ‘நீயே அணியிலிருந்து விலகிவிடு, எல்லோருக்கும் நல்லது’ என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள், அணிக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று இவனும் கையெழுத்துப் போட்டுவிடுவான். தானாக விலகினால் உதவித்தொகையை நிறுத்த அதுவே போதும். எந்தத் தாளிலும் வக்கீல் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். பாடங்களையும் விட்டுவிடக் கூடாது, முழு நேர மாணவனுக்கான கிரெடிட் குறைந்தால் விசா தனியாக ஆட்டம் காணும்.

வேலை கிடைக்குமா என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சாதாரண மாணவன் கைதானால் யாருக்கும் தெரியாது. விளையாட்டு வீரன் என்றால் கல்லூரி இணையதளத்தில் சிரித்தபடி இருக்கும் அந்தப் படத்தையே எடுத்து உள்ளூர்ப் பத்திரிகை போட்டுவிடும், வருடக்கணக்கில் பெயரைத் தேடினால் அதுதான் முதலில் வரும். அதனால் மறைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வேலை விண்ணப்பத்தில் கேட்டிருக்கும் வார்த்தையைக் கவனித்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘தண்டனை பெற்றதுண்டா’ என்பதும் ‘கைதானதுண்டா’ என்பதும் வேறு வேறு, கேட்டதற்கு உண்மையான பதில், கேட்காததற்குக் கதை வேண்டாம். பின்னால் ஏன் அந்த சீசன் ஆடவில்லை என்று நேர்முகத்தில் கேட்டால் நான்கு வாக்கியம் போதும்: இப்படி நடந்தது, இப்படி முடிந்தது, இதைச் செய்து சரிப்படுத்தினேன், இப்போது இப்படி இருக்கிறேன். அந்த மூன்றாவது வாக்கியத்தில் சொல்ல ஏதாவது வேண்டுமே, அதை இந்த வருடத்தில்தான் சம்பாதிக்க முடியும். குடி ஒரு காரணமாக இருந்தால் அதற்கான ஆலோசனை வகுப்பில் வக்கீல் சம்மதத்தோடு இப்போதே சேரட்டும்.

திரும்ப ஆட முடியுமா? முடியும், நடந்திருக்கிறது. 2017 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி சீனா போனபோது முதல் வருட வீரர்கள் மூன்று பேர் ஹாங்சோவில் கடைத்திருட்டில் பிடிபட்டார்கள். அணி அவர்கள் இல்லாமலே ஆடிவிட்டு ஊர் திரும்பியது. மூவரையும் காலவரையின்றி சஸ்பெண்ட் செய்தார்கள். ஒருவர் அடுத்த மாதமே கல்லூரியை விட்டு விலகினார். மற்ற இருவரும் சீசன் முழுக்க ஆடாமல் இருந்தார்கள், வகுப்புக்குப் போனார்கள், அடுத்த வருடம் களத்துக்குத் திரும்பினார்கள். அந்த இருவரில் ஒருவர் 2021இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் சுற்றுக்குப் போன அணியிலும் ஆடினார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவனுடைய ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம், அணி விதிப்புத்தகம், கல்லூரியிலிருந்து வந்த நோட்டீஸ், மூன்றையும் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கல்லூரி விசாரணைத் தேதி கோர்ட் தேதிக்கு முன்னால் வருகிறதா என்று முதலில் பார்ப்போம், முன்னால் வந்தால் தள்ளிவைக்கச் சொல்லி வக்கீல் எழுத வேண்டியிருக்கும். தினமும் போன் பண்ணுங்கள், ஆனால் போனில் அன்றிரவு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், சாப்பிட்டாயா, வகுப்புக்குப் போனாயா என்று மட்டும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கூப்பிடுகிறேன், அப்போது தம்பியையும் லைனில் வரச் சொல்லுங்கள், அடுத்த செமஸ்டர் பாடங்களை அவனோடு உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.