வாசகர் கேள்வி பதில்: முன்னால் ஊர்கிறார்கள், என்ன செய்ய?

கேள்வி: சீனன்குடா கோல்ஃப் மைதானத்தில் முன்னால் ஆடுவோர் மெதுவாகப் போனால் என் அடி குழம்புகிறது. வழி உண்டா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: காத்திருக்கையில் பந்தையே முறைத்து நிற்காதீர்கள். பிடி இறுகும், முறை வந்ததும் வீச்சு அவசரப்படும். நிழலில் நின்று வேறு கதை பேசுங்கள், தோளைச் சுழற்றுங்கள். முன்னவர்கள் குழியில் நடப்பட்ட கொடியை விட்டு நகரும்போதுதான் மட்டையைத் தெரிவு செய்யுங்கள். முன்கூட்டியே எடுத்தால் கச்சான் காற்று கணக்கை மாற்றிவிடும். மூச்சை நீளமாக விட்டு, ஒரேயொரு ஒத்திகை வீச்சு, பிறகு அடி. முறை வந்தபின் ஓர் அடிக்கு விதி பரிந்துரைப்பது 40 வினாடி, பாதியே தாராளம்.

தாமதம் உங்கள் கூட்டாளியாலா? மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில் தயாரானவர் தன் முறைக்குக் காத்திராமல் முந்தலாம். 2019 விதிகளே அதை ஊக்குவிக்கின்றன. நேருக்குநேர் ஆட்டத்தில் கேட்காமல் முந்தாதீர்கள், எதிராளி அந்த அடியை ரத்துச் செய்யலாம். தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான்.