மருந்துக்கு அடங்காத கிருமிகள் உண்மையிலேயே அவ்வளவு பரவிவிட்டனவா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?

பயமுறுத்தவில்லை. நான் ஒரு லேபில் கல்ச்சர் பிரிவில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிரிவில், வேலை பார்க்கிறேன். அங்கே அன்றாடம் பார்ப்பதைச் சொல்கிறேன்.

யூரினில் கிருமி வளர்ந்தால் அதை ஒரு தட்டில் பூசி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை மேலே வைத்து ஓர் இரவு விட்டுவிடுவோம். காலையில் தட்டு முழுக்கப் பாசி படிந்த மாதிரி இருக்கும். எந்த மருந்துக்குக் கிருமி சாகிறதோ அந்த வில்லையைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். அதை மில்லிமீட்டரில் அளந்துதான் ரிப்போர்ட்டில் 'எஸ்' (மருந்து கேட்கும்) அல்லது 'ஆர்' (மருந்து கேட்காது) போடுவோம். சில தட்டுகளில் வட்டமே இருக்காது, வில்லையை ஒட்டியே வளர்ந்து நிற்கும்.

இதெல்லாம் ஐசியு சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருடம் என் அத்தைக்கு நீர்க்கடுப்பு. மெடிக்கலில் கேட்டு இரண்டு தடவை மாத்திரை போட்டார். மூன்றாவது தடவை குளிர்காய்ச்சலே வந்துவிட்டது. கல்ச்சரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா, வாயில் போடுகிற மருந்துகள் எல்லாம் வரிசையாக ஆர். பத்து நாள் மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஊசி. "இதுக்கு மாத்திரையே இல்லையாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளால் இறந்ததாக, 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த வருடம் மலேரியாவில் இறந்தவர்களைவிட இது அதிகம்.

ஒன்றைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மருந்து பழகிப்போவது நம் உடம்புக்கு அல்ல, கிருமிக்கு. எதிர்ப்பு மரபணுவை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்குக்கூடக் கைமாற்றிவிடும். அதனால் ஆன்டிபயாடிக்கே தொடாத ஆளுக்கும் இது வரலாம். அப்புறம், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி எடை கூடத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். இந்தியா அதைத் தடை செய்தது 2019இல்தான்!

அத்தை இப்போது நன்றாக இருக்கிறார். போன மாதம் வீட்டுக்குப் போனபோது மருந்து டப்பாவை வாங்கிப் பார்த்தேன். பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் அட்டைகள் நான்கு. மூன்றைத்தான் தந்தார். நான்காவதை, "இது உங்க மாமா பல்வலிக்கு வாங்கினது, இருக்கட்டும்" என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.