ஏழு அலாரம் வைத்தும் பால் பொங்கி வழிகிறது

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 37. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி மும்பை வந்து 13 வருடங்கள் ஆகின்றன. செம்பூரில் வீடு. வாஷியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பையன் நான்காம் வகுப்பு படிக்கிறான்.

சில மாதங்களுக்கு முன் கம்பெனியின் ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்ன், அதாவது மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், என் பொறுப்பில் இருந்தது. 20ஆம் தேதி கடைசி நாள். முந்தின நாளே சலான் போட்டுப் பணமும் கட்டிவிட்டேன். அதோடு வேலை முடிந்தது என்று மனதில் பதிந்துவிட்டது. ரிட்டர்னை ஃபைல் பண்ணவே இல்லை. 11 நாள் கழித்து மேனேஜர் போர்ட்டலைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய்தான், அது பெரிதில்லை. எல்லோர் முன்னாலும் அவர் கேட்ட கேள்விதான் இன்னும் காதில் நிற்கிறது.

அதன் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். இரண்டு முறை உட்காரவைத்துப் பேசினார். பள்ளிக்கூட நாட்களைப் பற்றி அம்மாவிடமும் போனில் கேட்டார். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சார்ந்த கோளாறு என்றார். அதற்கு மெதில்ஃபெனிடேட் என்ற மாத்திரை எழுதித் தந்தார். அந்தச் சீட்டு ஐந்து வாரமாக என் ஹேண்ட்பேக்கிலேயே இருக்கிறது.

கணவர் நல்லவர். ஆனால், “இந்த மாத்திரையெல்லாம் ஆரம்பிச்சா விட முடியாது. இத்தனை வருஷம் சமாளிச்சே, இன்னும் கொஞ்சம் கவனமா இரு” என்கிறார். அம்மா வல்லாரை சாப்பிடச் சொல்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை மேடம். போனில் ஏழு அலாரம் இருக்கிறது. டைரி வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவு முழுக்கச் சீட்டு. காலை 6 மணிக்கு அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு அன்றைய வேலைகளை ஞாபகப்படுத்துவார். அப்படியும் பால் வைத்துவிட்டு எதிரிலேயே நிற்பேன், பையனின் ஐ.டி. கார்டு ஞாபகம் வரும், தேடப் போவேன், அங்கே மடிக்காத துணி கண்ணில் படும். திரும்பி வருவதற்குள் பால் அடுப்பு முழுக்க வழிந்திருக்கும். எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று இரவு ஒரு மணி வரை எல்லாவற்றையும் மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

மாத்திரை இல்லாமலே முடியும் என்று நிரூபிக்க ஆசை. போட்டால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமா?

— வாசகி, செம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறைதான் அந்த ‘இரவு ஒரு மணி’ கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் சமாளித்தாய் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் தூக்கத்தைக் கொடுத்து, பயத்தில் ஓடி, அம்மாவின் ஞாபகத்தைக் கடன் வாங்கித்தான் சமாளித்திருக்கிறீர்கள். மாத்திரைக்குப் பக்க விளைவு உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாத்திரை இல்லாத இந்த வாழ்க்கையின் பக்க விளைவுகளையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வருவது.

நான் உளவியல் ஆலோசகர், மருந்து எழுதுபவர் இல்லை. மருந்தின் அளவு, வகை பற்றிய முடிவெல்லாம் உங்கள் மருத்துவருடையது. அவர் அம்மாவிடம் விசாரித்தது எனக்கு நிறைவாக இருக்கிறது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்காமல் பெரியவர்களுக்கு இதை உறுதிசெய்யக் கூடாது.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். மெதில்ஃபெனிடேட் மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. சாதாரண மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும், மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரம். போட்ட அன்றே வேலை செய்யும், அன்றே அடங்கும். அதனால் சிறிது காலம் போட்டுப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த முடியும். தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து என்பதும் உண்மை. அதனால்தான் நம் நாட்டில் இதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, சீட்டு இல்லாமல் கடையில் கேட்கக் கூடாது. ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவர் மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் சாப்பிடும்போது அடிமையாகும் ஆபத்து குறைவு. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் அட்டமாக்செட்டின் என்ற இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்து பற்றிக் கேளுங்கள். அது வேறு வகை, அந்தப் பயம் அதில் இல்லை. ஆனால் பலன் முழுதாகத் தெரியப் பல வாரங்கள் பொறுக்க வேண்டும்.

சீட்டு எழுதி ஐந்து வாரமாகிவிட்டதால் நேராகக் கடைக்குப் போகாமல் மருத்துவரை மறுபடி பாருங்கள். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். படபடப்பு உண்டா, வீட்டில் யாருக்காவது இளம் வயதில் இதயக் கோளாறு வந்ததா, இன்னொரு குழந்தை பற்றிய யோசனை இருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மெதில்ஃபெனிடேட்டில் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம். காலையில் வெறும் காபியோடு லோக்கல் பிடிக்க ஓடுகிற பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும், மத்தியானம் டப்பாவைத் திறக்கவே தோன்றாமல் போகலாம்.

சரி, நீங்களே செய்துகொள்ளும் ஏற்பாடுகள்? அவற்றை விடச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறேன். ஏழு அலாரத்துக்குக் காது பழகிப்போயிருக்கும். இரண்டு போதும். பாலுக்கு முன்னால் நிற்பதை விட்டுவிட்டு, விசிலடிக்கிற பால் குக்கர் ஒன்று வாங்குங்கள். ஞாபகப்படுத்தும் வேலையை அந்த இடத்திலிருக்கும் பொருளே செய்யட்டும். ரிட்டர்ன் விஷயத்தில் நடந்ததையும் யோசித்துப் பாருங்கள். பெரிய வேலை முழுவதையும் முந்தின நாளே முடித்தவர் நீங்கள். கடைசிப் படியில் மனது முந்திக்கொண்டு ‘முடிந்தது’ என்று மூடிவிட்டது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், இதற்குச் சோம்பல் என்று பேர் வைக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். இனிமேல் டைரியில் டிக் போடாதீர்கள். ஃபைல் பண்ணியதும் வரும் ஏ.ஆர்.என். என்ற ஒப்புகை எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எண் இல்லை என்றால் வேலை பாக்கி. 18ஆம் தேதியே நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி முடித்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே கை வேலையில் நிற்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.க்கென்றே அமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இருக்கிறது, மும்பையில் தேடினால் செய்பவர்கள் கிடைப்பார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் இடறினால்? பிரிட்டனில் மருத்துவர்களுக்கான நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டுதல் ஏறக்குறைய உங்கள் கேள்விக்கே பதில் சொல்கிறது. பெரியவர்களுக்கு முதலில் சூழலை மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் வாழ்க்கையின் ஒரு பகுதியிலாவது பெரிய பாதிப்பு தொடர்ந்தால் மருந்து தரலாம் என்கிறது. நீங்கள் வருடக்கணக்காகச் சூழலை மாற்றிப் பார்த்தவர். அதனால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நியாயம் என்பது என் கருத்து. எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு வாரம் மூன்றே விஷயங்களைக் குறித்துவையுங்கள்: படுத்த நேரம், பாதியில் நின்ற வேலைகள், அம்மா எத்தனை முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. மாத்திரை தொடங்கிய பிறகும் அதே மூன்றைக் குறியுங்கள். உங்கள் மருத்துவருக்கு அந்தத் தாள் ரொம்ப உதவும்.

தோல்வியா என்று கேட்டீர்கள். யாரிடம் நிரூபிக்க வேண்டும் அம்மா? அந்த மேனேஜரிடமா? 13 வருடமாக இந்த ஊரில் வீடும் வேலையும் குழந்தையுமாக ஓடுகிறீர்கள், அது போதாதா?

வல்லாரைத் துவையல் சாப்பிடுங்கள், நல்ல உணவு. இந்தப் பிரச்சினைக்கு அதை மருந்தாக நம்ப முடியாது, அவ்வளவுதான். அதற்காக அம்மாவோடு வாதாட வேண்டாம். கணவரை அடுத்த முறை மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போங்கள், அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும். தனியாகத் தமிழில் பேச நினைத்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416 இருக்கிறது, கட்டணமில்லை.

அடுத்த 20ஆம் தேதி கழிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும் சேர்த்து.